மாடி ஏறிய கீற்று

தென்னை மட்டையைக் குளத்தில் ஊறப்போட்டு, நடுவே பிளந்து, ஈரம் காய்வதற்குள் முடைய வேண்டும். அப்படி முடைந்த புதுக் கீற்றில் பொறி விழுந்தால் முதலில் கருகும். இரண்டு கோடை வெயில் குடித்த கீற்று அப்படியல்ல. கையால் அழுத்தினாலே பொடியும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கழிகளோடு அதைப் பிணைத்திருக்கும் கயிறும் கூடவே எரிவதால், கூரை எரிந்து தீருவதற்கு முன்பே மொத்தமாகக் கீழே இறங்கிவிடும். தஞ்சைப் பக்கம் பந்தல் போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. தமிழ்நாட்டு ஊர்களின் தீ விபத்துகளைப் பற்றி யார் பேசினாலும், என் மனம் முதலில் கூரைக்குத்தான் போகும்.

1979 ஜூலை 29 அன்று தூத்துக்குடியில் எரிந்தது கீற்றுக் கொட்டகை போட்ட திரையரங்கம். சினிமாக் கொட்டகைகளுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1918இன் சினிமாட்டோகிராப் சட்டமே பாதிக்குப் பாதி தீயை நினைத்து எழுதப்பட்டதுதான். அந்தக் காலத்துப் படச்சுருள் வெடிமருந்துபோல் எரியக்கூடியது. 1955இல் சென்னை மாநிலத்துக்குத் தனிச் சட்டமும் வந்தது. ‘தீ’ என்று எழுதிய சிவப்பு வாளிகள் மணலோடு தொங்காத கொட்டகையை என் தலைமுறை பார்த்ததில்லை. அவற்றுக்கு மேலே காய்ந்த கூரை இருந்தது.

1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு. யாகசாலைப் பந்தல் எரிந்து 48 பேர் இறந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலம் குன்றியோரைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த காப்பகக் கொட்டகையில் விடியற்காலையில் தீ. 28 பேர். அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. அதன்பின் அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இரண்டும் அவசியமான நடவடிக்கைகள். ஆனால் எல்லாரும் காப்பகத்தைப் பார்த்தார்கள். கூரையை யாரும் பார்க்கவில்லை.

2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபம். மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் முகூர்த்த நேரத்தில் தீப்பிடித்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். எல்லா ஊர்களிலும் கல்யாண மண்டபங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதே காவிரிக் கரையில், ஜூலை 16 அன்று, கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரு பள்ளிக்கூடம் எரிந்தது. சத்துணவு சமைத்த இடத்தில் எழுந்த தீ கீற்றுக்குத் தாவி, மேல்மாடி வகுப்பறைகளின் கூரையைப் பிடித்தது. எரியும் கூரை பிள்ளைகளின் மேலேயே இறங்கியது. இறங்கி ஓடக் குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள்.

ஜனவரியில் மண்டபத்தைச் சோதித்தவர்கள் பள்ளிக்கூடத்து மாடியையும் ஏறிப் பார்த்திருந்தால் என்று நான் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். மண்டபம் ஒரு துறை, பள்ளி இன்னொரு துறை, கொட்டகை வேறொரு உரிமம். ஒவ்வொரு தீக்குப் பிறகும் எரிந்த இடத்தின் வகைக்கு மட்டும் விதி கடுமையானது. மேலே கிடந்ததோ ஐந்து இடத்திலும் ஒரே கீற்று.

கீற்றை வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏழைகள் காலங்காலமாக அதன் நிழலில்தான் குளிர்ந்தார்கள். கிராமத்தில் ஒரு குடிசை பற்றினால் அண்டை வீட்டுக்காரர் தொரட்டியோடு வந்து தம் கூரையையே இழுத்துத் தள்ளுவார். ஈரச் சாக்கை எடுத்துப் போடுவார்கள். கூரை எட்டும் உயரத்தில் இருக்கும், வாசல் பத்தடியில் இருக்கும். அந்தக் கூரையை இரண்டாம் மாடிக்கு ஏற்றியபோது இவற்றில் ஒன்றும் கூடவே ஏறவில்லை. தொரட்டி எட்டாது, வெளியேற ஒரே படி. கான்கிரீட் போடச் செலவு. கீற்றென்றால் ஒரு வாரத்தில் ஒரு தளம் கூடிவிடும். அவசரத்துக்குப் போட்ட பந்தல் ஆண்டுக்கணக்கில் வகுப்பறையாக நின்றது. பந்தல்காரனுக்குத் தெரியும், பந்தல் பிரிப்பதற்கென்றே போடுவது. நான்கு நாள் சடங்குக்குப் போட்டதை ஐந்தாம் நாள் அவிழ்த்துவிட வேண்டும்.

கும்பகோணத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றச் சொல்லி அரசு உத்தரவிட்டது. நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. 2009இல் உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியும் அடங்கும் என்று சொல்லி, தீயணைப்புக் கருவிகளையும் தேசியக் கட்டட விதிகளையும் நாடு முழுதும் பள்ளிகளுக்குக் கட்டாயமாக்கியது. கும்பகோணம் வழக்கில் தஞ்சை நீதிமன்றத் தீர்ப்பு வர 2014 ஜூலை 30 ஆனது. பத்துப் பேர் குற்றவாளிகள், பதினோரு பேர் விடுதலை. அதற்குள் பிழைத்த பிள்ளைகள் பெரியவர்களாகியிருந்தார்கள்.

இப்போது மண்டப மாடிகளில் கீற்றைப் பார்ப்பது அரிது. தகரக் கூரைக்கு அடியில் நைலான் துணியை இழுத்துக் கட்டி, தெர்மாகோல் பூக்களை ஒட்டுகிறார்கள். பின்பக்கம் எரிவாயு உருளைகள் நிற்கின்றன. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போனால் நான் முதலில் இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று தேடுவேன். அது இருக்கிற இடத்திலும் பாதி நேரம் நாற்காலிகளை அடுக்கி வழியை அடைத்திருக்கிறார்கள். மண்டபக்காரரைக் கூப்பிட்டு அவற்றை எடுக்கச் சொல்கிறேன்.