தெரு யாருடையது?

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கதாநாயகன் நடந்து போக ஒரு தெரு வேண்டுமென்றால் அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பேனாவை எடுத்து ஒரு தெருவைப் போட்டுவிடலாம். அதன் கோடியில் ஒரு கோவிலையும், பக்கத்தில் ஒரு வேப்பமரத்தையும் நட்டுவிடலாம். நானும் அப்படி எத்தனையோ தெருக்களைப் போட்டிருக்கிறேன். ஆகையால், உண்மையிலேயே இருக்கிற ஒரு தெருவின் பெயரைச் சர்க்கார் படத்தைப் பார்த்து எழுதிக்கொள்வது உரிமை மீறலாகும் என்று படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஒரு நிலைமை இங்கிலாந்தில் இருந்தது. அதை மாற்ற முயன்றவர்களின் கதை சுவாரஸ்யமானது.

அந்த நாட்டு நில அளவை இலாகாவுக்கு ஆர்ட்னன்ஸ் சர்வே என்று பெயர். ஆர்ட்னன்ஸ் என்றால் பீரங்கித் தளவாடம். பிறந்த வீடு எது என்று பெயரே சொல்லிவிடுகிறது. 1745-இல் ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் கலகம் மூண்டது. அடக்கப் போன ராணுவத்திடம் உருப்படியான படம் இல்லை. கலகம் ஓய்ந்த பிறகு, 1747 முதல் 1755 வரை வில்லியம் ராய் என்பவர் அந்த மலைகளை அளந்து படமாக்கினார். அவர் காலமான மறு வருஷம், 1791-இல், இலாகா ஏற்பட்டது. பிரெஞ்சுக்காரர்கள் எப்போது கரையேறுவார்களோ என்று நடுங்கிக் கொண்டிருந்த கென்ட் ஜில்லாவின் படம் 1801-இல் முதலாவதாக வெளியாயிற்று. அதற்கு அடுத்த வருஷம், ஏப்ரல் 10-ஆம் தேதி, லாம்ப்டன் துரை நம் பரங்கிமலைக்கு அருகே சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். இரண்டு அளவைகளும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை: ஆளுகிறவன் மண்ணை அறிந்திருக்க வேண்டும். அந்த மண்ணில் நடக்கிறவனும் அறிய வேண்டும் என்பது பிற்பாடு வந்த எண்ணம்.

காலம் மாறிற்று. பீரங்கி போன இடத்தில் பணம் வந்து உட்கார்ந்தது. இலாகா தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிற்று. 1999-இல் அதை ஒரு வியாபார ஸ்தாபனம் போலவே நடக்கும்படி அமைத்தும் விட்டது. படங்கள் வெளியாகி ஐம்பது வருஷம் ஆகும் வரை பதிப்புரிமை அரசாங்கத்துக்கு. மோட்டார்க்காரர்களுக்கு உதவும் ஏ.ஏ. என்ற ஸ்தாபனம் இந்தப் படங்களை நகல் செய்ததாகத் தகராறு எழுந்து, 2001-இல் 2 கோடி பவுன் கொடுக்கச் சம்மதித்துச் சமாதானம் செய்துகொண்டது. சாலையின் அகலம், வளைவு இவற்றில் இலாகா விட்டு வைத்திருந்த சின்னஞ்சிறு அடையாளங்கள்தாம் நகலைக் காட்டிக் கொடுத்தனவாம்.

இந்தச் சூழ்நிலையில் 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞர் லண்டனில் ஒரு காரியம் ஆரம்பித்தார். இருக்கிற படத்தைத் தொடக் கூடாது என்றால் புதிதாக ஒன்றை நாமே வரைந்துவிடலாம் என்பது அவர் யோசனை. அதற்கு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்று பெயர். சம்பளம் கிடையாது, சேருகிறவர்கள் எல்லோரும் தொண்டர்கள். ஒரு ஜி.பி.எஸ். கருவியைப் பையில் போட்டுக்கொண்டு நடப்பார்கள், சைக்கிளில் போவார்கள். போன வழியைக் கருவி குறித்துக்கொள்ளும். தெருப் பெயர்ப் பலகையைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் வரைவார்கள். ஐம்பது வருஷம் கடந்த பழைய படங்களைத் தேடிப் பிடித்து, கிராமங்களின் பெயர்களை அவற்றிலிருந்து சேர்த்தார்கள். 2006 மே மாதம் சுமார் நாற்பது பேர் வைட் தீவில் கூடி, ஒரு வாரக் கடைசியில் அந்தத் தீவின் சாலைகளைச் சுற்றி வந்தார்கள். இலாகாவின் தலைமை அலுவலகம் இருக்கும் சவுத்தாம்ப்டன் நகரம் அந்தத் தீவுக்கு எதிர்க்கரையில்தான் இருக்கிறது!

அதே வருஷம் மார்ச்சில் கார்டியன் பத்திரிகை ஓர் இயக்கம் தொடங்கியிருந்தது. பொதுஜனங்களுக்காகச் சேகரித்த தகவலைப் பொதுஜனங்களுக்கே விற்பது என்ன நியாயம்? நகரசபை தன் ஊர்ப் படத்துக்குக் கட்டணம் கட்டுகிறது. அந்தக் கட்டணமும் வரிப் பணந்தானே? இப்படிக் கேட்டது. அமெரிக்காவில் மத்திய அரசாங்கம் தயாரிக்கும் படங்களுக்குப் பதிப்புரிமையே இல்லை என்பதையும் அந்தக் கட்சியார் எடுத்துக் காட்டினார்கள்.

கதை எழுதி எழுதி, எதிர்க்கட்சிக்காரனிடமும் பரிவு கொள்ளும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. மேஜைக்கு அந்தப் புறம் இருந்த உத்தியோகஸ்தரை நினைத்துப் பார்க்கிறேன். அவர் கஞ்சரல்ல. நாள்தோறும் புது வீடு எழும்புகிறது, பழைய பாலம் இடிகிறது. அவற்றை அளக்கிற ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். "இனாமாகக் கொடுத்துவிட்டால் நாளைக்கு யார் அளப்பது?" என்று அவர் கேட்டால் அது அசட்டுக் கேள்வியல்ல. 2008-இல் கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர்கள் கணக்குப் போட்டு, நஷ்டத்தை விட நாட்டுக்கு வரும் லாபமே அதிகம் என்று அறிக்கை கொடுத்தார்கள். அப்போதும் கதவு உடனே திறந்துவிடவில்லை.

2009 நவம்பர் 17-இல்தான் பிரதம மந்திரி கார்டன் பிரவுன் சில படங்களை இலவசமாக்கப் போவதாக அறிவித்தார். உலகளாவிய வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ அவருக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர். அதைப் பற்றி யோசனைகள் கேட்டுக் கொண்டிருந்த சமயத்தில், 2010 ஜனவரி 12-இல் ஹைத்தி நாட்டில் பூமி அதிர்ந்தது. தலைநகருக்குச் சரியான தெருப் படம் இல்லை. செயற்கைக்கோள் கம்பெனிகள் தங்கள் படங்களைத் திறந்துவிட்டன. எங்கெங்கோ இருந்த தொண்டர்கள் அவற்றைப் பார்த்துச் சில தினங்களில் தெருத் தெருவாக வரைந்தார்கள். மீட்புப் படையினர் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடிபாடுகளுக்கு நடுவே வழி கண்டார்கள். பகிர்ந்துகொண்ட படம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

2010 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆர்ட்னன்ஸ் சர்வே தன் தெருப் படத்தையும், எல்லைக் கோடுகளையும், தபால் குறியீடுகளையும் இலவசமாக வெளியிட்டது. முட்டாள்கள் தினமாயிற்றே என்று யாராவது சந்தேகப்பட்டிருந்தால் தப்பில்லை. ஆனால் வீடு வீடாகக் காட்டும் மிக நுட்பமான படத்தையும், நடைப் பயணிகள் விரும்பி வாங்கும் படங்களையும் அன்று கொடுக்கவில்லை. கொடுத்ததிலும் ஒரு சிக்கல் இருந்தது. இலாகாவின் நிபந்தனையும் தொண்டர்களின் உரிமப் பத்திரமும் ஒத்துப்போகுமா? மறுபடியும் கடிதங்கள். 2011-இல், தபால் குறியீட்டுத் தொகுதி நீங்கலாக மற்றவற்றுக்கு ஆட்சேபம் இல்லை என்று பதில் வந்த பிறகுதான் நிம்மதி. நம் நாட்டில், இந்தியர்கள் படம் தயாரிக்க முன் அனுமதி வேண்டியதில்லை என்ற அறிவிப்பு 2021 பிப்ரவரி 15-இல் வந்தது.

இலாகாவின் மனத்தைக் கரைத்தது எது? நியாயம் பேசினவர்களுக்கும் கணக்குப் போட்டவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் மனுவோடு மட்டும் வருகிறவனுக்கு, "அப்புறம் பார்க்கலாம்" என்று பதில் சொல்லி அனுப்பிவிடலாம். இவர்கள் மனுவோடு ஒரு படத்தையும் கொண்டு வந்தார்கள். அதில் பாதி காலியாக இருந்தது; மறுபாதியை அவர்கள் மழையிலும் குளிரிலும் நடந்து நிரப்பியிருந்தார்கள். நீங்கள் கொடுத்தால் சீக்கிரம் முடியும், கொடுக்காவிட்டாலும் முடியத்தான் போகிறது என்பதை அந்தப் படம் வாய் திறக்காமல் சொல்லிற்று.

இப்போதெல்லாம் என் கதையில் ஒரு தெருவைப் போடும்போது பேனா சற்றுத் தயங்குகிறது. நடக்காமலே நான் போட்டுவிடுகிறேன். அவர்கள் நடந்து பார்த்தல்லவா போட்டார்கள்!