காலுக்கு ஒரு சட்டம், சக்கரத்துக்கு ஒரு சட்டம்

இங்கிலாந்தின் மன்செஸ்டர், ஷெபீல்ட் ஆகிய இரு தொழில் நகரங்களுக்கும் இடையே பீக் டிஸ்ரிக்ட் என்ற மலைப்பிரதேசம் அமைந்துள்ளது. ஏறத்தாழ 1,438 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இப்பிரதேசமே 1951ஆம் ஆண்டில் அந்நாட்டின் முதலாவது தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. வார இறுதி நாட்களில் தடித்த ரயர்கள் பூட்டிய மவுண்டன் பைக்குகளில் இளைஞர்களும் நடுத்தர வயதினரும் இங்குள்ள கற்பாதைகளில் ஏறி இறங்குவதைக் காணலாம். பார்ப்பவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு. ஆனால், அந்தச் சக்கரங்கள் எந்தப் பாதையில் உருளலாம், எந்தப் பாதையில் உருளக்கூடாது என்பதைத் தீர்மானிப்பது ஒரு நீண்ட அரசியல் வரலாறு.

பீக் டிஸ்ரிக்ட்டின் மிக உயர்ந்த பகுதி கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுநிலமாகும். உயரம் 636 மீற்றர். நமது பேதுருதாலகாலையோடு ஒப்பிடுகையில் இது ஒரு குன்று எனலாம். ஆயினும், புகை சூழ்ந்த ஆலைகளில் வாரம் முழுவதும் உழைத்த தொழிலாளருக்கு ஞாயிற்றுக்கிழமையில் கண்ணுக்கெட்டிய சுத்தமான காற்று அதுவே. கண்ணுக்கெட்டியது காலுக்கெட்டவில்லை. கிறவுஸ் எனப்படும் காட்டுப்பறவையை வேட்டையாடுவதற்காக அந்நிலம் பிரபுக்களின் தனியுடைமையாகப் பேணப்பட்டது. வேட்டை நடப்பதோ ஆண்டில் சில நாட்கள் மாத்திரமே. எஞ்சிய நாட்களிலும் வேட்டைக் காவலர்கள் தடிகளோடு நின்று பொதுமக்களைத் திருப்பியனுப்பினர். 1894இல் நிறுவப்பட்ட பாதைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று பேச்சுவார்த்தை நடத்தி 1897இல் ஹேபீல்ட் கிராமத்திலிருந்து கிண்டரின் ஓரமாகச் செல்லும் ஒரு வழியைத் திறப்பித்தது. அதைவிட்டு ஓரடி விலகினாலும் அது அத்துமீறலாகவே கருதப்பட்டது.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. ஏறத்தாழ 400 பேர் ஹேபீல்ட்டில் கூடி, தடையை மீறிக் கிண்டர் மேட்டை நோக்கி ஏறினர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் பெனி றொத்மன் என்ற 20 வயது இளைஞர், மன்செஸ்டரைச் சேர்ந்த யூதத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை, கம்யூனிஸ்ட். ரயில் நிலையத்தில் பொலிஸார் தமக்காகக் காத்திருப்பார்கள் என்பதை உணர்ந்த அவர், மன்செஸ்டரிலிருந்து ஹேபீல்ட்டுக்குத் துவிச்சக்கரவண்டியிலேயே வந்து சேர்ந்தார். நடப்பதற்கான உரிமையை வேண்டி நடந்த போராட்டத்தின் தலைவரைப் பொலிஸாரின் கண்ணில் படாமல் மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு துவிச்சக்கரவண்டி என்பதை வாசகர்கள் மனதில் இருத்திக் கொள்ள வேண்டும். இவ்வரலாற்றின் பிற்பகுதிக்கு அது அவசியம்.

மலைச்சரிவில் காவலர்களோடு கைகலப்பு ஏற்பட்டது. காவலர் ஒருவர் காயமடைந்தார். திரும்பி வந்தவர்களில் சிலர் கைது செய்யப்பட்டனர். இங்கே சட்டத்தின் நுட்பம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறர் நிலத்தில் வெறுமனே நுழைவது ஆங்கிலச் சட்டத்தில் அன்று குற்றவியல் குற்றமன்று; நிலவுடைமையாளர் சிவில் வழக்குத் தொடரலாம், அவ்வளவே. எனவே, கலகம் விளைவிக்கும் நோக்குடன் கூடியமை போன்ற குற்றச்சாட்டுகளே அவர்கள் மீது சுமத்தப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் டர்பி நகரில் விசாரணை நடைபெற்றது. ஓய்வுபெற்ற படையதிகாரிகளும் கிராமப்புற நிலவுடைமையாளரும் நிறைந்த ஜூரர் சபைக்கு முன்னால் ஆலைத் தொழிலாள இளைஞர்கள் நிறுத்தப்பட்டனர். ஐவருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. றொத்மனுக்கு நான்கு மாதம்.

டர்பிஷயர் என்ற பெயர் இலங்கையருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1831 முதல் 1837 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் வில்மட் ஹோர்ட்டன் அந்த மாவட்டத்து நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்தவர். அவருடைய பெயரைத் தாங்கிய ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. நிலவுடைமையாளரின் பெயர் கடல் கடந்து வந்து நமது மலை மீதும் ஒட்டிக்கொண்டது. மன்செஸ்டர்த் தொழிலாளரோ தமது வீட்டு வாசலில் இருந்த மலையில் ஏறுவதற்குச் சிறை செல்ல வேண்டியிருந்தது.

கடுமையான அந்தத் தண்டனைகளே பொதுமக்களின் அனுதாபத்தைப் போராட்டத்தின் பக்கம் திருப்பின. இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசாங்கம் 1949இல் தேசியப் பூங்காக்கள் பற்றிய சட்டத்தை நிறைவேற்றியது. பீக் டிஸ்ரிக்ட் பூங்கா அதன் முதற்கனி. அதைவிட ஆழமான விளைவு ஒன்றும் அச்சட்டத்தில் இருந்தது. பொதுமக்களுக்கு உரிமையுள்ள பாதைகள் அனைத்தையும் அளந்து, அதிகாரபூர்வமான வரைபடத்தில் பதியுமாறு மாவட்ட சபைகள் பணிக்கப்பட்டன. நடந்து மட்டும் செல்லக்கூடியது நடைவழி; நடந்தும் குதிரையிலும் செல்லக்கூடியது குதிரைப்பாதை. வரைபடத்தில் ஒரு கோடு எந்த வகையாகக் குறிக்கப்பட்டதோ, அதுவே அப்பாதையின் தலைவிதியாயிற்று.

இவ்வகைப்பாட்டில் துவிச்சக்கரவண்டிக்கு இடமிருக்கவில்லை. 1888ஆம் ஆண்டுச் சட்டமொன்று அதனை ஒரு வண்டி என வரையறுத்திருந்தது. ஆகவே வண்டி செல்லும் தெருவில் அது செல்லலாம். மலைப்பாதையில் அதற்கு உரிமை கிடையாது. ஆனாலும், கரடுமுரடான வழிகளை நாடிச் செல்லும் சைக்கிளோட்டிகள் அக்காலத்திலும் இருந்தனர். 1955இல் அவர்கள் 'றஃப் ஸ்ரஃப் பெலோஷிப்' என்ற கழகத்தை அமைத்தனர். சாதாரண மெல்லிய ரயர் வண்டிகளை உருட்டியும் தூக்கியும் அவர்கள் மலைகளைக் கடந்தனர்.

1968இல் நிறைவேறிய நாட்டுப்புறச் சட்டத்தின் 30ஆம் பிரிவு ஒரு சிறிய கதவைத் திறந்தது. குதிரைப்பாதைகளில் துவிச்சக்கரவண்டிகள் செல்லலாம். ஆனால் நடப்போருக்கும் குதிரையில் வருவோருக்கும் வழிவிட வேண்டும் என்று அது கூறியது. அன்று மவுண்டன் பைக் என்ற பொருளே உலகில் இல்லை. கலிபோர்னியாவின் மரின் பிரதேசத்தில் சில இளைஞர்கள் பழைய வண்டிகளில் மலைச்சரிவில் பாய்ந்து 'ரீபக்' பந்தயத்தைத் தொடங்கியது 1976இல். ஜோ பிரீஸ் அதற்கெனத் தனியான சட்டகத்தை உருவாக்கியது 1977இல். பெருந்தொகை உற்பத்தி 1980களின் தொடக்கத்தில்தான் வந்தது. அப்புதிய வண்டிகள் இங்கிலாந்துக்கு வந்து இறங்கியபோது, அவற்றுக்குரிய உரிமை ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் காத்திருந்தது.

எனவே, பீக் டிஸ்ரிக்ட்டில் இன்றைய சைக்கிளோட்டி செல்லும் பாதையை வகுத்தவர் விளையாட்டு வீரர் எவருமல்லர். அன்றைய பொதிக்குதிரை வணிகரே. செஷயரின் உப்பையும் வேறு பண்டங்களையும் சுமந்த குதிரைகள் மலையைக் கடந்த தடங்களே பின்னர் குதிரைப்பாதைகளாகப் பதியப்பட்டன. ஈடேல் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் 'ஜேக்கப்பின் ஏணி' இதற்கு நல்ல உதாரணம். 18ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த ஜேக்கப் மார்ஷல் என்ற விவசாயி, குதிரை வளைந்து வளைந்து ஏறும்போது தாம் நேராக ஏறுவதற்குப் படிகளை வெட்டினார் என்பர். நேர்வழி நடப்பவருக்கு, வளைவழி குதிரைக்கு. குதிரையின் அந்த வளைவழியே இன்று சக்கரத்துக்கு உரியது.

2000ஆம் ஆண்டில் மற்றொரு பெருஞ்சட்டம் வந்தது. மேட்டுநிலங்களிலும் புல்வெளிகளிலும் பாதையை விட்டு விலகியும் சுதந்திரமாக நடமாடும் உரிமையை அது வழங்கியது. 2004 செப்டெம்பரில் கிண்டர் உள்ளிட்ட பகுதிகளில் அது நடைமுறைக்கு வந்தது. 1932இன் கனவு நிறைவேறியது எனலாம். அதற்கு முன்னர், 2002இல் நடைபெற்ற 70ஆவது ஆண்டு நினைவு நிகழ்வில் 11ஆவது டெவன்ஷயர் கோமகன் கலந்துகொண்டு, அன்று நிலவுடைமையாளராக இருந்த தமது பாட்டனார் இழைத்தது தவறு எனப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, அவ்வாண்டு ஜனவரியில், றொத்மன் காலமாகியிருந்தார்.

ஆனால், புதிய உரிமை கால்களுக்கு மட்டுமே. துவிச்சக்கரவண்டிக்கு அதில் பங்கில்லை. குதிரைப்பாதையை விட்டு விலகும் சைக்கிளோட்டி, 1932இல் றொத்மன் நின்ற அதே சட்ட நிலையில் நிற்கிறார்: அத்துமீறுபவர். அண்டைய ஸ்கொட்லாந்தோ 2003இல் இயற்றிய காணிச் சட்டத்தின் மூலம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் நிபந்தனையில், நடப்போர், குதிரையோட்டிகள், சைக்கிளோட்டிகள் ஆகிய மூவருக்கும் ஒரே உரிமையை வழங்கியது. ஒரே தீவில் இருவேறு நீதி.

சக்கரம் மண்ணை அழித்துவிடும் என்பது எதிர்ப்பாளரின் வாதம். அதைப் புறக்கணிக்க இயலாது. கிண்டரை மூடியிருப்பது பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த ஈரமான கரிமண். மழைக்காலத்தில் ஒரு சக்கரத் தடம் நீரோடையாகி மண்ணை அரித்துச் செல்லும். எனினும், காலும் அதே சேதத்தைச் செய்திருக்கிறது. 1965இல் திறக்கப்பட்ட பெனைன் நெடும்பாதை, நடப்போரின் பெருக்கத்தால் பல இடங்களில் அகன்ற சேற்றுக்குழியாகச் சிதைந்தது. மூடப்பட்ட பஞ்சாலைகளின் தரைக் கற்பலகைகளைக் கொண்டுவந்து பதித்தே அதைக் காப்பாற்றினர். ஆகவே, பாதை தேய்ந்தால் செப்பனிடுவது ஒரு பராமரிப்புப் பிரச்சினை. யார் செல்லலாம் என்பது உரிமைப் பிரச்சினை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கே வசதி.

அந்த வரைபடங்களின் கதை இன்னமும் முடியவில்லை. பதியப்படாத பழைய பாதைகளைப் பதிவதற்கு 2026 ஜனவரி இறுதிக் கெடுவென 2000ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது. பின்னர் அது 2031 வரை நீடிக்கப்பட்டது. 2024 டிசம்பரில், கெடுவையே நீக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் தொண்டர்கள் பழைய காணி ஆவணங்களையும் வரைபடங்களையும் தேடி எடுத்து விண்ணப்பங்களைக் குவித்தனர். எழுதி வைக்கப்படாத உரிமை, உரிமையாக நிலைப்பதில்லை என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். மலையில் பாதையை உண்டாக்குவது காலும் குளம்பும் சக்கரமுந்தான். அதனைக் காப்பது யாரோ ஒருவர் பொறுமையாக எழுதி வைத்த பதிவேடு.