கத்திக்குத் தப்பிய தொண்டைகள்

1934ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு நியூயோர்க் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரவரைப் பற்றியது. அவர்களுள் 611 பேருக்கு டொன்சில் எனப்படும் தொண்டைச் சதை முன்னரே அகற்றப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரை வைத்தியர்கள் சோதித்து, 174 பேருக்குச் சத்திரசிகிச்சை வேண்டுமென்றனர். வேண்டாமென விடப்பட்ட 215 பேரை வேறு வைத்தியரிடம் அனுப்ப, அவர்கள் 99 பேரைத் தெரிந்தெடுத்தனர். மீந்த 116 பேர் மூன்றாம் முறை சென்றபோது மேலும் 51 பேர் கத்திக்கு உரியவராயினர். நோய் பிள்ளையின் தொண்டையிலா, பார்ப்பவரின் பழக்கத்திலா என்று வினவத் தோன்றுமன்றோ! அக்காலத்தில் இச்சிகிச்சையால் பிள்ளைகள் இறந்ததும் உண்டு.

அவர்கள் ஒருமுறை பார்த்துத் தீர்ப்புக் கூறியவர்கள். இங்கிலாந்தின் பெக்கன்ஹாமில் 1947 முதல் குடும்ப வைத்தியராயிருந்த ஜோன் ஃபிரை என்பாரோ, அதே குடும்பங்களை ஆண்டாண்டாகக் கண்டு, நோய்களைக் குறித்து வைத்தவர். சளியும் தொண்டை நோவும் பள்ளி சேரும் பருவத்தில் மிகுந்து, எட்டு வயதளவில் பெரும்பாலும் தாமே தணிவதை அக்குறிப்புகள் காட்டின. இச்சிகிச்சைகள் யாவும் உண்மையிலேயே வேண்டியவையா என 1957இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் அவர் வினவினார். 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபின், சிறப்பு வைத்தியரிடம் செல்லக் குடும்ப வைத்தியரின் கடிதம் வழக்கமாக வேண்டப்பட்டது. ஆதலின் தாய்மாரின் அச்சம் முதலில் அவரிடமே வந்தது. சிலரை அவரும் அனுப்பினார். ஏனையோருக்கு அவர் விதித்தது காத்திருத்தலே.