வாசலில் நின்ற வழிபாடு: பாளையங்கோட்டைக் கிளாரிந்தா அம்மையார்

துன்பத்தின் நடுவே முழு உள்ளத்தோடு இறைவனை வழிபடுதலைப் பற்றி நாம் பிரசங்கிக்கும்போது, நோய், வறுமை, இழப்பு ஆகியவற்றையே பெரும்பாலும் எடுத்துக்காட்டுகிறோம். திருச்சபையே ஒருவருக்கு வாசலை அடைக்கும்போது அவர் அடையும் துன்பத்தை நாம் நினைவுகூர்வது அரிது. ஆனால் திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்க வரலாறு அத்தகைய துன்பத்தோடு பிணைந்திருக்கிறது.

கிளாரிந்தா அம்மையார் தஞ்சையைச் சார்ந்த மராத்தியப் பிராமணப் பெண்மணி, கணவரை இழந்தவர். கைம்பெண்ணை அமங்கலமெனச் சமுதாயம் ஒதுக்கிய காலம் அது. பின்னர் அவர் லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியோடு வாழ்ந்தார். கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படைகளை அவ்வதிகாரியே அவருக்குக் கற்பித்தார். உடன்கட்டைச் சிதையிலிருந்து அவர் மீட்கப்பட்டார் என்ற வழக்கை, அ. மாதவையா 1915இல் வெளியிட்ட ஆங்கில நாவல் பலரும் அறியச் செய்தது. அந்நிகழ்ச்சியை ஆதாரமாகக் கொள்ளாமலே அவருடைய நிலையை நாம் உணரலாம். பிறந்த குலத்திற்கு அவர் புறம்பானவர். அதிகாரிக்கோ சட்டப்படியான மனைவி அல்லர்.

இந்நிலையில் அவர் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டார். திருமணமின்றி அதிகாரியோடு வாழ்வதைக் காரணமாகக் காட்டி ஐயர் மறுத்துவிட்டார். சபையின் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு அவருக்கு இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், போக்கிடமற்ற ஒரு பெண்மணிக்கு அவ்வொழுங்கு எத்துணைப் பாரமாக அமைந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். சீலோவின் ஆலயத்தில் மனங்கசந்து ஜெபித்த அன்னாளை, ஆசாரியனாகிய ஏலி வெறித்திருப்பவள் என்று எண்ணினான் அன்றோ! உண்மையான வழிபாட்டை இறைப்பணியாளரே இனங்காணத் தவறுவதும் உண்டு என்பதை வேதம் மறைக்கவில்லை.

கிளாரிந்தா அம்மையார் மனங்கசந்து விலகிச் செல்லவில்லை. தாமிரபரணியின் கிழக்கே, படை தங்கியிருந்த பாளையங்கோட்டையில் அவர் தம் நம்பிக்கையில் நிலைத்திருந்தார். அதிகாரி இறந்தபின், மீண்டும் தனிமையுற்ற நிலையிலும், ஞானஸ்நானம் வேண்டிக் காத்திருந்தார். 1778இல் காவிரிக் கரையிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். முன்பு மறுத்த கரமே பின்பு அவரை ஏற்றுக்கொண்டது.

இரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பேருடைய பெயர்கள் உள்ளன. முதலாவது நிற்பது கிளாரிந்தா அம்மையாரின் பெயர். அந்நாற்பதின்மர் ஒரே சாதியினர் அல்லர். பல சாதிகளினின்றும் வந்தவர்கள். தம்மிடையே தங்கியிருக்கும் குருவானவர் இன்றியே அவர்கள் ஒரு சபையாகக் கூடினர். அம்மையார் தம் பொருளைக் கொடுத்தும், ஆங்கிலேயர் சிலரின் உதவியைப் பெற்றும் ஓர் ஆலயத்தைக் கட்டுவித்தார். 1785இல் சுவார்ட்ஸ் ஐயர் அதனைப் பிரதிஷ்டை செய்தார். மக்கள் அதனைப் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்' என்று வழங்கலாயினர். 1790இல் சத்தியநாதன் குருப்பட்டம் பெற்று இப்பகுதியின் ஊழியத்தை ஏற்றார். 1799இல் தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியால் முதலூர் தோன்றியது.

இவ்வரலாற்றின் ஒழுங்குமுறை நமது சிந்தனைக்குரியது. முதலில் ஒரு பெண்மணியின் நம்பிக்கை, அடுத்து ஞானஸ்நானம், பின்னர் சபை, ஆலயம், குருத்துவம் என்னும் வரிசையை இங்குக் காண்கிறோம். நிறுவனம் வழிபாட்டைப் பிறப்பிக்கவில்லை. நிறுவனத்திற்கு முன்பே வழிபாடு இருந்தது. துன்பம் நீங்கியபின் செலுத்தப்படும் நன்றியே வழிபாடு எனின், அம்மையாரின் காத்திருந்த ஆண்டுகளுக்குப் பொருளில்லை. அவரோ துன்பம் நீங்குமுன்பே தம்மை இறைவனுக்கு ஒப்புவித்தார். மேலும், அவருடைய பக்தி தனிமனித ஆறுதலோடு நின்றுவிடவில்லை. வாசலில் நிறுத்தப்பட்டவர் பிறருக்கு வாசலாக அமைந்தார்.

ஆகவே, துன்புறுவோரை நோக்கி 'பொறுமையாய் ஜெபியுங்கள்' என்று கூறுவதோடு நம் பணி முடிவதில்லை. அவர்களுடைய துன்பத்தில் நமது ஒழுங்குகளுக்கும் நமது தயக்கத்திற்கும் பங்குண்டா என்று நம்மையே சோதித்தறிய வேண்டும். மணமுறிவு, சாதி வேற்றுமை, வறுமை ஆகியவற்றால் திருவிருந்துப் பந்தியை அணுகத் தயங்கி ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்போர் நம் சபைகளில் உண்டு. நமது பதிவேட்டின் முதற்பெயராக இறைவன் குறித்திருப்பவர் அவர்களுள் ஒருவராக இருக்கலாம்.