உண்டாலும் ஏளனம், ஒதுக்கினாலும் ஏளனம்

பந்தியிற் கூடி உண்ணுதல் மக்களினத்தின் பழைய இன்பங்களுள் ஒன்று. ஆயினும் அப்பந்தியே சில வேளைகளில் நியாயஸ்தலமாகவும் மாறிவிடுகின்றது. அருகிலிருப்பவன் எதை உண்கிறான், எதை ஒதுக்குகிறான் என்று ஆராய்ந்து தீர்ப்புக் கூறுவதில் நம்மிற் பலர்க்குத் தனி உற்சாகம் உண்டு. இவ்வழக்கத்தின் கொடுமையை உணர விரும்புவோர், 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் மாநகரில் வாழ்ந்த வில்லியம் பாண்டிங் என்பவரின் சரித்திரத்தை அறிதல் நலம். பெயரைக் கேட்டவுடன் சிலாங்கூரிலுள்ள பந்திங் நகரை நினைத்துவிட வேண்டாம்.

பாண்டிங் வசதி படைத்தவர். இங்கிலாந்து அரச குடும்பத்தாரின் சவ அடக்கங்களுக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்துவந்த குடும்பத் தொழிலை நடத்தியவர். 66-ஆம் வயதில், 5 அடி 5 அங்குல உயரமுள்ள அவருடைய எடை 202 ராத்தல். குனிந்து பாதரட்சையின் கயிற்றைக் கட்ட இயலாது; மாடிப்படியில் பின்புறமாகவே இறங்குவார். உடல் வேதனையினும் பெரிதாயிருந்தது ஊராரின் பரிகாசம். பொதுக் கூட்டங்களிலும் வண்டிகளிலும் வீதியிலும் பருத்தவர்மீது வீசப்படும் சொற்களுக்குக் கூசி, அவர்கள் கூடுமானவரை ஒதுங்கியே வாழ்கின்றனர் என்று அவரே எழுதியிருக்கிறார்.

படகு வலித்தார், பசி மிகுந்தது, எடையும் மிகுந்தது. கடல் நீராடலும் நீராவிக் குளியலும் மருந்துகளும் பயனளிக்கவில்லை. முடிவில் காது மந்தமாகவே, 1862-இல் வில்லியம் ஹார்வி என்னும் செவி வைத்தியரை நாடினார். பாரிஸ் நகரில் கிளாட் பெர்னார்ட் என்னும் விஞ்ஞானி நீரிழிவைப் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவுகளைக் கேட்டிருந்தவர் ஹார்வி. அவர் ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கச் சொன்னார். இறைச்சி, மீன், காய்கறி, பாலும் சர்க்கரையுமற்ற தேநீர், சிறிதளவு வாட்டிய ரொட்டி ஆகியவை அனுமதிக்கப்பட்டன. திராட்சை மதுவும் அப்பட்டியலில் இருந்தது. அதை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. ஏறக்குறைய ஓராண்டில் 46 ராத்தல் குறைந்தது. பாண்டிங் முன்புறமாகவே படியிறங்கினார்.

தாம் பெற்ற நலத்தைப் பிறரும் பெறவேண்டி, 1863-இல் ஒரு சிறு நூலை அச்சிட்டு முதலில் இலவசமாகவே வழங்கினார். நூல் பதிப்பின்மேல் பதிப்பாக வெளிவந்தது. உலகம் அவரை வாழ்த்தியதோ? மருத்துவம் பயிலாதவனுக்கு இதில் என்ன வேலை என்று வைத்தியப் பத்திரிகைகள் சீறின. ஹாஸ்யப் பத்திரிகைகள் கேலி செய்தன. அவருடைய பெயரே ஒரு வினைச்சொல்லாகி, பட்டினிப் பத்தியத்தைக் குறிக்கும் வேடிக்கைப் பேச்சாயிற்று. ஸ்வீடன் நாட்டு மொழியில் உணவைக் குறைத்தலுக்கு இன்றும் ‘பாண்டா’ என்பதே சொல். பருத்திருந்தபோது நகைத்த அதே சமூகம், பருமனைக் குறைக்க அவர் வழிகண்டபோதும் நகைத்தது! ஆகவே அந்நகைப்பு அவருடைய நலத்தைக் கருதியதன்று என்பது தெளிவு. பலரைப்போல் இராதவனைத் தண்டிப்பதே அதன் நோக்கம்.

இஃது ஆங்கிலேயர்க்கு மட்டும் உரிய குற்றமோ? 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர்க்கு நீரிழிவு. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையேதான் அது மிகுதி. தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு இக்கணக்கு அச்சந் தருகின்றது. அங்ஙனமிருந்தும், கலியாணப் பந்தியிலும் பட்டணத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலும் ஒருவர் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூடுதலாகக் கேட்டால், “சோறில்லாமல் என்ன சாப்பாடு? ஒருநாள் உண்டால் உயிரா போய்விடும்?” என்ற குரல் எழாதிருப்பதில்லை. மறுத்தவர் விருந்தளித்தவரை அவமதித்தவராகிறார். மறுக்க அஞ்சியவரோ நோயை விருந்தாக ஏற்கிறார்.

பாண்டிங்கின் உணவுமுறை எல்லார்க்கும் ஏற்றதென்று நாம் சொல்ல வரவில்லை. மருந்துண்போர் வைத்தியரைக் கலந்தே உணவை மாற்றவேண்டும். நாம் வேண்டுவது வேறொன்று. உபசரிப்பு என்பது உண்பவன் வேண்டுவதை அறிந்து இடுதலேயன்றி, நம் விருப்பத்தை அவன் இலையிற் குவித்தலன்று. அன்பர்களே! அடுத்த பந்தியில் ஒருவர் “போதும்” என்று கை காட்டினால், காரணம் கேளாது கரண்டியை நிறுத்துங்கள். அதுவே விருந்தின் மாண்பு.