சுக்குநீரும் சுக்குக் காப்பியும்: ஒரு பனிக்காலப் பானத்தின் வரலாறு

மார்கழி, தை மாதங்களில் தமிழகத்துச் சிற்றூர்களிலும் நகரத் தெருமுனைகளிலும் விற்கப்படும் சுக்குக் காப்பியில் பெரும்பாலும் காப்பிக்கொட்டை இருப்பதில்லை. சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி ஆகியவையே அதன் உறுப்புகள். சில இடங்களில் திப்பிலி, ஏலம், துளசி ஆகியனவும் சேரும். காப்பி இல்லாத பானத்துக்குக் காப்பி என்னும் பெயர் ஏன் வந்தது என்னும் வினா எளியதாகத் தோன்றினும், அதற்கு விடை காண முற்படும்போது பழந்தமிழர் எதனைக் குடித்தனர், எதனை மருந்தாகக் கொண்டனர், இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லை எப்போது மங்கியது என்னும் பெரிய வினாக்கள் எழுகின்றன. இப்பானத்தை ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று கூறுவது இன்று வழக்கமாகிவிட்டது. பொருள்களின் தொன்மையையும் பானத்தின் தொன்மையையும் ஒன்றெனக் கொள்வதால் நேர்ந்த பிழை இது.

பொருள்களின் தொன்மை

பொருள்களைப் பொறுத்தவரை ஐயத்திற்கு இடமில்லை. மிளகைக் குறிக்கக் கறி என்னும் சொல்லைச் சங்க நூல்கள் ஆள்கின்றன. யவனர் பொன்னொடு முசிறிக்கு வந்து கறியொடு திரும்பிய செய்தியை அகநானூற்று 149ஆம் பாட்டு கூறுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்துகிடந்த மிளகுப் பொதிகளைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. அந்நூலே சோழநாட்டுத் தோட்டங்களில் சேம்புடன் இஞ்சியும் விளைந்ததைச் சொல்கின்றது. மதுரைக்காஞ்சி இஞ்சி, மஞ்சள், மிளகு ஆகியவற்றைச் சேர்த்தே குறிப்பிடுகின்றது. கிரேக்க மொழியில் இஞ்சிக்கு வழங்கிய சொல் பாலி மொழியின் சிங்கிவேர என்பதன் வழி வந்ததாகவும், அதன் மூலம் இஞ்சிவேர் என்னும் தென்னாட்டுச் சொல்லே என்றும் மொழியியலார் பலர் கொள்வர். மிளகுக்கு மேலைநாட்டார் இட்ட பெயரோ திப்பிலியைக் குறிக்கும் பிப்பலி என்னும் வடசொல்லிலிருந்து சென்றது. கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி, ரோமாபுரியில் ஒரு பவுண்டு எடையுள்ள திப்பிலி 15 தினாரியத்துக்கும் கருமிளகு 4 தினாரியத்துக்கும் விற்றதாக எழுதியுள்ளார். மிளகைவிடத் திப்பிலி ஏறத்தாழ நான்கு மடங்கு விலை பெற்றிருந்தது என்பது, இன்று திப்பிலியை நாட்டு மருந்துக் கடையில் மட்டுமே தேடுவோர்க்கு வியப்பளிக்கக் கூடும்.

எனினும் இவற்றை நீரிலிட்டுக் காய்ச்சிப் பருகியமைக்குச் சங்க நூல்களில் வெளிப்படையான சான்று கிடைக்கவில்லை. இவ்வகையில் நெடுநல்வாடை தரும் சான்று தனியே ஆராயத்தக்கது. கூதிர்க்காலக் குளிரை அந்நூல் அளவுக்கு நுணுகிக் கூறிய பழைய நூல் வேறொன்று இல்லை எனலாம். ஆயர் கைகளை நெருப்பிற் காய்ச்சிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டும் பற்கள் நடுங்கியும் நிற்கின்றனர். சந்தனம் அரைக்கும் கல் பயனின்றிக் கிடக்கின்றது. குவிந்த வாயுடைய கலத்தின் குளிர்நீரை ஒதுக்கி, அகன்ற வாயுடைய தடவில் இட்ட நெருப்பை மக்கள் நாடுகின்றனர். தூறலைப் பொருட்படுத்தாமல் தெருவில் திரிவோர் கள்ளுண்டு களித்தவரே. குளிருக்கு மாற்றாக நெருப்பும் கள்ளும் இடம்பெறும் இத்துணை விரிவான ஓவியத்தில் சூடான பானம் எதுவும் இல்லை. இன்மை ஒன்றையே சான்றாகக் கொள்ளுதல் ஆய்வு நெறிக்கு முழுதும் பொருந்தாது. ஆயினும் தண்ணீரை ஒதுக்கினர் என்று கூறிய புலவர், அதற்கு ஈடாக எதனைப் பருகினர் என்று கூற வாய்ப்பிருந்தும் கூறாமை கருதத்தக்கது.

சங்கம் மருவிய காலத்து நூற்பெயர்கள் அடுத்த படிநிலையைக் காட்டுகின்றன. பதினெண்கீழ்க்கணக்கில் திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி ஆகிய மூன்றும் மருந்துகளால் பெயர் பெற்றவை. நல்லாதனார் தம் நூலின் ஒவ்வொரு பாட்டிலும் மும்மூன்று அறங்களைக் கூறி, அவை சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்த மருந்து போல்வன என்கிறார். கணிமேதாவியாரின் ஏலாதி இம்மூன்றுடன் ஏலம், இலவங்கம், நாககேசரம் ஆகியவற்றைச் சேர்த்து ஆறாக்குகின்றது. விளக்கம் எதுவுமின்றி மருந்தின் பெயரை அறநூலுக்கு இட வேண்டுமாயின், அம்மருந்து கற்றோர் அனைவரும் அறிந்ததாக இருந்திருத்தல் வேண்டும். ஆனால் இவை சூரணமாக உண்ணப்பட்டனவா, நீரிற் காய்ச்சப்பட்டனவா என்பதை அந்நூல்கள் கூறவில்லை. திரிகடுகத்தைச் சுக்குக் காப்பியின் முன்னோடியாகக் காட்டுவோர் இதனைக் கவனித்தல் நன்று.

கசாயம், காடா, குடிநீர்

காய்ச்சி வடித்த மருந்துக்கு இந்திய மொழிகளில் வழங்கும் பெயர்கள் வெவ்வேறு நோக்குகளைக் காட்டுவன. கசாயம் என்பது துவர்ப்புச் சுவையைக் குறிக்கும் வடசொல். இந்தியில் வழங்கும் காடா, கொதித்தலைக் குறிக்கும் குவாத என்பதன் திரிபு. யுனானி மருத்துவத்தின் ஜோஷாந்தா என்னும் பாரசீகச் சொல்லும் கொதித்தலையே சுட்டும். சித்த மருத்துவத்தின் குடிநீர் என்னும் சொல்லோ சுவையையும் செய்முறையையும் விடுத்துப் பயன்பாட்டைக் கொண்டு அமைந்தது. இச்சொல் பிற்காலத்தில் பருகத்தகும் வெறும் நீரைக் குறிக்கலாயிற்று. குடிநீர் வாரியம் என்ற தொடரைக் கேட்பவர் எவரும் மருந்தை நினைப்பதில்லை. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது கபசுரக் குடிநீர் வீடுதோறும் பேசப்பட்ட பின்னரே பழைய பொருள் பொதுவழக்கில் மீண்டும் இடம்பெற்றது.

வடமொழி மருத்துவ நூலான சார்ங்கதர சம்ஹிதை, ஒரு பலம் மருந்தைப் பதினாறு மடங்கு நீரிலிட்டு எட்டில் ஒன்றாகக் குறுக்குவதைக் குவாதம் என்றும், வெந்நீரில் ஊறவைத்து வடிப்பதைப் பாண்டம் என்றும் வேறுபடுத்துகின்றது. சித்த மருத்துவ முறையிலும் எட்டொன்றாக அல்லது நாலொன்றாகக் குறுக்குதல் வழக்கம். அகமருந்துகளை முப்பத்திரண்டாகப் பகுக்கும் அம்முறை, சாறு, சுரசம், குடிநீர், கற்கம், உட்களி, அடை ஆகியவற்றுக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரமே ஆயுள் என்று வரையறுக்கின்றது. காலையில் இறக்கிய குடிநீரை மாலையில் கொடுத்தல் கூடாது. அளவு, வேளை, பத்தியம், ஆயுள் என்னும் நான்கு வரையறைகளுக்கு உட்பட்டதே குடிநீர். இவ்வரையறைகளை நீக்கினால் எஞ்சுவது பானம் மட்டுமே.

மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட நிலையில் நின்றது மிளகுத்தண்ணீர். ஆங்கிலத்தில் அது முல்லிகடானி எனத் திரிந்தமை யாவரும் அறிந்தது. ஹைதர் அலியிடம் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ஒருவரின் பாடலில், 1784ஆம் ஆண்டிலேயே இச்சொல் இடம்பெற்றுள்ளது. ஆனால் அங்கும் அது உணவாகவே வருகின்றது. குவளையில் ஊற்றி விருந்தினர்க்கு அளிக்கும் பானம் அன்று.

காய்ச்சும் முறை

இன்றைய வீட்டு வழக்கில் கூட்டளவு ஊருக்கு ஊர் வேறுபடினும், மல்லி நான்கு பங்கு, சுக்கு இரண்டு பங்கு, மிளகு ஒரு பங்கு, திப்பிலி அரைப் பங்கு என்பது பரவலாக ஏற்கத்தக்க அளவு. சுக்கின் மேல்தோலைச் சுரண்டி நீக்குதல் முதற்பணி. சுக்குக்குப் புறத்திலும் கடுக்காய்க்கு அகத்திலும் நஞ்சு உண்டு என்பது மருத்துவர் வழிவழிக் கூற்று. மல்லியை வாசம் எழும் அளவுக்கு மட்டும் வெறுஞ்சட்டியில் வறுத்து, அனைத்தையும் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ள வேண்டும். மாவாக அரைத்தால் வடிகட்டியபின்னும் கசடு நாவில் தங்கும். கருப்பட்டியைத் தனியே நீரில் கரைத்து மண் நீங்க வடித்துக்கொள்ளுதல் நன்று. 400 மில்லிலிட்டர் அளவுள்ள அந்நீரில் இரண்டு தேக்கரண்டித் தூளை இட்டு, மூடி, சிறுதீயில் 300 மில்லிலிட்டராகும் வரை காய்ச்சி, இறக்கும் தறுவாயில் துளசியிலையைக் கிள்ளிப் போட்டு வடிக்கலாம். பால் சேர்ப்பதில்லை.

இம்முறைக்குள் பொதிந்துள்ள காரணங்களைப் பிற்கால வேதியியல் விளக்குகின்றது. பச்சை இஞ்சியின் காரத்துக்குரிய ஜிஞ்சரால் உலரும்போது ஷோகாலாக மாறுகின்றது. பின்னது காரத்தில் மிக்கது. இஞ்சியினும் சுக்கு உறைப்பதற்கும், குளிருக்குச் சுக்கே ஏற்றது என்ற வழக்கிற்கும் இதுவே அடிப்படை. மிளகின் காரப்பொருளான பைப்பரின் 1819இல் ஓர்ஸ்டெட் என்பவரால் பிரித்தெடுக்கப்பட்டது. அது நீரில் மிகக் குறைவாகவே கரையும். எனவே மிளகை நெடுநேரம் கொதிக்கவிட வேண்டியுள்ளது. மாறாக, மல்லியின் மணம் ஆவியாகும் எண்ணெயைச் சார்ந்தது. திறந்த கலத்தில் நெடுநேரம் கொதித்தால் மணம் போய்விடும். கலத்தை மூடுதலும், எட்டொன்றாகக் குறுக்காமல் கால்பங்கு மட்டுமே சுண்டவிடுதலும் இவ்விரு தேவைகளுக்கும் இடையே கண்ட உடன்பாடு. மருந்தாகிய குடிநீர் மணத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, பானம் கவலைப்படுகின்றது.

இவ்விடத்து ஒன்று கூறுதல் தகும். இப்பானத்தைப் பருகியவுடன் உண்டாகும் வெம்மை உணர்வு உடலின் வெப்பநிலை பெரிதும் உயர்வதால் தோன்றுவதன்று. வெப்பத்தை உணரும் நரம்பு ஏற்பிகளையே இக்காரப்பொருள்கள் தூண்டுகின்றன. அவ்வேற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

காப்பி என்னும் பெயர்

காப்பி தமிழர் இல்லங்களில் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆகும். நீராகாரத்தின் இடத்தைக் காப்பி பற்றிக்கொண்டதையும், அதனால் எழுந்த பண்பாட்டுக் கலக்கத்தையும் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் (2000) ஆராய்ந்துள்ளார். காப்பியுடன் வந்தது ஒரு பொருள் மட்டுமன்று. காலையிலும் மாலையிலும் சூடான இனிப்புப் பானத்தைப் பருகும் ஒரு பழக்கமும், வந்தவரை அதனால் உபசரிக்கும் ஒரு முறையும் உடன்வந்தன. அதன்பின் காப்பி என்பது கொட்டையின் பெயராக மட்டும் நில்லாமல் வேளைப்பானத்தின் பெயராகவும் விரிந்தது. மத்தியக் கேரளத்தில் காப்பிகுடி என்பது காலைச் சிற்றுண்டியையே குறிக்குமளவுக்கு இச்சொல் பொருள் விரிந்துள்ளது. அங்குச் சுக்குக் காப்பியில் காப்பித்தூளும் சேர்வது உண்டு.

எனவே சுக்குக் காப்பி என்னும் பெயர் காப்பிப் பழக்கத்துக்கு முந்தியதாக இருத்தல் இயலாது. பொருள் பெயரினும் பழையதாக இருக்கலாமே எனின், இருக்கலாம். சுக்குநீர், சுக்குவெந்நீர், மல்லிநீர் ஆகிய பெயர்கள் இன்றும் வழக்கில் உள. ஆனால் இவை காய்ச்சல் கண்டவர்க்கும் பிள்ளை பெற்றவர்க்கும் கொடுக்கப்படுபவை. வந்த விருந்தினரிடம் சுக்குவெந்நீர் பருகுகிறீர்களா என்று எவரும் கேட்பதில்லை. சுக்குக் காப்பி பருகுகிறீர்களா என்று கேட்பர். பெயர் மாறியபோது மாறியது நிலையே. இலங்கைத் தமிழர் சுக்கை வேர்க்கொம்பு என்பர். அங்கு மல்லி அவித்த நீர் தடிமனுக்குரிய கைம்மருந்தாகவே பெரிதும் நிலைத்துள்ளது.

இதற்கு நேரான நிகழ்வு நாட்டின் வடகோடியில் காணப்படுகின்றது. காசுமீரத்தில் குளிர்காலத்தில் சமோவாரில் காய்ச்சப்படும் கஹ்வா, பச்சைத் தேயிலையுடன் குங்குமப்பூ, இலவங்கப்பட்டை, ஏலம், வாதுமை ஆகியன சேர்ந்தது. அதிலும் காப்பி இல்லை. அதன் பெயரோ, முதலில் திராட்சைக் கள்ளையும் பின் காப்பியையும் குறித்த கஹ்வா என்னும் அரபுச் சொல் என்றே கருதப்படுகின்றது. அதே அரபுச் சொல் துருக்கி, டச்சு மொழிகளின் வழி ஆங்கிலத்துக்குச் சென்று, ஆங்கிலேயருடன் தமிழகத்துக்குக் காப்பியாக வந்தது. ஒரே சொல் இருவேறு வழிகளில் வந்து, இருவேறு முனைகளில், காப்பியற்ற இரண்டு நறும்பானங்களின் மேல் அமர்ந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டில் காப்பி, தேநீர் ஆகியவற்றைச் சாடியோரும் இம்மாற்றத்துக்கு உதவினர் என்று கொள்ள இடமுண்டு. 1942இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் காந்தியடிகள் எழுதிய உடல்நல நூலில் தேநீரும் காப்பியும் வேண்டாதவை எனப்பட்டன. காப்பியை விலக்க விழைந்தோர்க்கும் காப்பி என்னும் வேளை தேவைப்பட்டது. அவ்வேளையைச் சுக்கு நிரப்பியது.

2020இல் நிகழ்ந்தது இதன் அடுத்த கட்டம். பதினைந்து சரக்குகள் கொண்ட கபசுரக் குடிநீர், சித்த நூல் கூறும் மருந்தாகவே பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் சுக்குக் காப்பிக்குப் பழகிய மக்களுள் அதனையும் தேநீர் போல நினைத்தபோதெல்லாம் பருகியோர் பலர். நிலவேம்பும் ஆடாதோடையும் சீந்திலும் சேர்ந்த ஒன்றுக்கு அளவும் நாளெல்லையும் உண்டு என்பதை மருத்துவர்கள் திரும்பத்திரும்பச் சொல்ல நேர்ந்தது. சுக்கும் மல்லியும் சமையலறைப் பொருள்கள் ஆதலின் அவற்றின் எல்லை மங்கியதால் பெருந்தீங்கு விளையவில்லை. எல்லாக் குடிநீருக்கும் அவ்விலக்கு இல்லை. இன்று பொட்டலத் தூளாக விற்கப்படும் குடிநீர் வகைகளின் மேலுறையில் தூள் கெடாதிருக்கும் மாதக்கணக்கு அச்சிடப்பட்டிருக்கும். காய்ச்சி இறக்கியபின் அதற்குரிய ஆயுள் ஒரு சாமமே என்பது பலருக்குத் தெரிவதில்லை.