துரைமாரின் துவக்குகள்: மலையகத் தோட்டங்களில் ஆயுதமும் அதிகாரமும்

பழைய இராணுவ ரைபிள்களைச் சேகரிப்போர் பல நாடுகளில் உள்ளனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் படைகள் கழித்துவிட்ட லீ-என்ஃபீல்ட் ரைபிள்கள் மலிவாகச் சந்தைக்கு வந்தபோது மேலை நாடுகளில் இப்பழக்கம் பெருகியது. ரைபிளின் பொறிமுறையும் உற்பத்தி ஆண்டுமே அங்கு முதன்மையாகப் பேசப்படுகின்றன. இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களின் வரலாற்றை எழுத முற்படுபவருக்கு அவை போதா. துவக்கு யாரிடம் இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது, யார் மீது சுடப்பட்டது என்பவையே இங்கு முதன்மையான கேள்விகள். இக்கட்டுரை அவற்றைக் கால வரிசையில் ஆராய்கிறது.

ஆயுதம் இழந்த மலைநாடு

தோட்டங்கள் வருமுன்பே மலைநாட்டில் துவக்குச் செய்யும் கம்மியர்கள் இருந்தனர். கண்டி அரண்மனையிலிருந்து 1765இல் ஒல்லாந்தர் கொள்ளையிட்ட பொருட்களுள் இரண்டு பெருந்துவக்குகளும் அடங்கும். அவை 2023 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து இலங்கைக்குத் திரும்பின. கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் வசமானது. 1818 கிளர்ச்சியை அடக்கிய ஆட்சி மக்களிடமிருந்த துவக்குகளைப் பறித்தது. இவ்வாறு ஆயுதம் களையப்பட்ட மலைகளில்தான் கோப்பியும், பின்னர் தேயிலையும் நடப்பட்டன.

வேட்டையும் குடியேற்றமும்

பிரித்தானிய இராணுவ அதிகாரியான மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த அவரது கல்லறை நுவரெலியாவில் உள்ளது. நுவரெலியாவில் ஆங்கிலேயக் குடியேற்றம் ஒன்றை நிறுவிய சாமுவேல் பேக்கர், தம் வேட்டை அனுபவங்களை 1854இல் நூலாக வெளியிட்டார். வேட்டை அவர்களுக்குப் பொழுதுபோக்கு. காட்டை வெட்டித் தோட்டமாக்கிய காலத்தில் நிலத்தின் மீதான உரிமையை நிலைநாட்டும் செயலாகவும் அது அமைந்தது.

துரைமாரின் படை

தனியார் வேட்டைத் துவக்கிலிருந்து அரசின் போர் ரைபிளுக்கு மாறிய கட்டம் 1900இல் தொடங்கியது. போவர் போர் நடந்த அவ்வாண்டில் ‘இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை’ கண்டியைத் தலைமையகமாகக் கொண்டு உருவானது. ஐரோப்பியர் மட்டுமே அதில் சேரலாம். பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணிக்கை பார்த்த துரையே பயிற்சி நாளில் ரைபிள் ஏந்தினார். கங்காணிக்கும் கொழுந்தெடுத்த பெண்ணுக்கும் அவரே முதலாளியின் பிரதிநிதி. அவரே ஆயுதம் தரித்த அரசின் பிரதிநிதியும். முதல் உலகப் போர் தொடங்கிய 1914இல் இப்படையின் ஒரு பிரிவு எகிப்துக்குச் சென்றது. கலிப்பொலிப் போர்க்களத்தில் அன்சாக் படைத் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டின் காவலராகவும் பணியாற்றியது.

1915 சிங்கள–முஸ்லிம் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ் ஐரோப்பியத் தொண்டர்கள் பொதுமக்களைச் சுட்டது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. சட்டசபை உறுப்பினர் பொன்னம்பலம் இராமநாதன் அதனை எதிர்த்து நூலே எழுதினார். 1916இன் 33ஆம் இலக்கத் துப்பாக்கிச் சட்டம் உரிமமின்றித் துவக்கு வைத்திருப்பதைத் தடுத்தது. அச்சட்டம் திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. துரைமார் படை 1949இல் கலைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியிருந்தது.

சூட்டுக்கு இலக்கானோர்

தோட்டத் தொழிலாளர்கள் துவக்கின் மறுமுனையைத்தான் அறிந்தார்கள். 1940 ஜனவரி 10ஆம் நாள் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரின் சூட்டுக்குப் பலியானார். 1977 மே மாதம், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். துரைமார் படை கலைந்து, தோட்டங்கள் 1975இல் அரசுடைமையான பின்பும் துவக்கின் திசை மாறவில்லை என்பதை இரண்டாம் நிகழ்வு நிறுவுகிறது.

சேகரிப்பின் கடமை

பழைய ரைபிள் ஒன்றும் ஆவணமே. லீ-என்ஃபீல்டில் பின்கட்டை பொருந்தும் இரும்புப் பகுதியில் தொழிற்சாலையின் குறியும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். என்ஃபீல்டா, வங்காளத்து இஷாப்பூரா, ஆஸ்திரேலியாவின் லித்கோவா என்பதை அதிலிருந்து அறியலாம். பழைய ரைபிள்களின் பின்கட்டையில் பதித்த பித்தளை வில்லையில் படைப்பிரிவின் அடையாளமும் இருக்கக்கூடும். கட்டையைத் தேய்த்து மெருகேற்றுவதும் வில்லையைக் கழற்றி விற்பதும் அந்தச் சான்றை அழிக்கும். இரும்பையும் மரத்தையும் மட்டும் பாதுகாத்தாலும் ஆய்வு நிறைவு பெறாது. எந்தத் தோட்டம், எந்தப் பங்களா, எந்த ஆண்டு என்ற விவரமும் துவக்குடன் சேர்ந்தே பதிவாக வேண்டும்.

தனியார் கையில் இவற்றைக் குவிப்பது இந்நாட்டின் சட்டத்துக்கும் பொருந்தாது, வரலாற்றுக்கும் உதவாது. எஞ்சியிருப்பவை சுட இயலாதவாறு செயலிழக்கச் செய்யப்பட்டு, பொது அருங்காட்சியகங்களில் வைக்கப்பட வேண்டும். கண்டி ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகம் போன்றவை அதற்குப் பொருத்தமான இடங்கள். துரைமார் படையின் ரைபிள் அங்கு வைக்கப்படுமானால், அதன் அருகே கோவிந்தன், சிவனு லெட்சுமணன் ஆகியோரின் பெயர்களும் மூன்று மொழிகளிலும் எழுதப்பட வேண்டும். மலையக வரலாற்றை எழுதும் ஆய்வாளர்களும் பல்கலைக்கழகங்களும் இக்கோரிக்கையைத் தம் பணியாக ஏற்க வேண்டும்.